ஈஸி மோட்ல முடிச்சா அது முடிச்ச கணக்கா? இப்ப ஆடிட்டு இருக்கற கேம்கள்

2025 செப்டம்பர் 20, சனி, ராத்திரி 11.40

கேள்வி இப்படி வந்துச்சு: "சில்க்சாங்குக்காக வருஷக்கணக்கா காத்திருந்தேன், இப்ப ரெண்டு வாரமா ஒரே பாஸ்கிட்ட செத்துட்டு இருக்கேன். ஈஸி மோட்னு ஒண்ணு வைக்காதது அநியாயம். இருந்திருந்தா அதுல முடிச்சிருப்பேன். அப்படி முடிச்சா அது முடிச்ச கணக்குல வராதா? நீங்கல்லாம் இப்ப என்ன ஆடறீங்க, எப்படி போகுது?"

நானும் சில்க்சாங்தான், ஹாலோ நைட் கேமோட அடுத்த பாகம். என் பதில், வராது. ஒரு கேம் எவ்வளவு கஷ்டமா இருக்கணும்னு செஞ்சவங்க யோசிச்சு வச்சிருக்காங்க, அதை இறக்கிட்டு ஆடினா நாம வேற ஏதோ ஒண்ணைத்தான் ஆடறோம். ஹாலோ நைட்ல மேன்டிஸ் லார்ட்ஸ்ங்கற பாஸ்கிட்ட (பாஸ்னா வழியை மறிக்கற பெரிய எதிரி) ரெண்டு நாள் மாட்டிட்டு கிடந்தேன். மூணாவது நாள் ஜெயிச்சதும் மூணு பேரும் தலை குனிஞ்சு வணங்கறாங்க, அதுக்கப்புறம் அந்த கிராமத்துல ஒரு மேன்டிஸ் கூட நம்ம மேல கை வைக்காது, நடந்து போனா விட்டுடும். அந்த மரியாதை சம்பாதிச்சது. பாதி அடில விழற மாதிரி இருந்திருந்தா அந்த வணக்கத்துக்கு என்ன அர்த்தம்?

2025 செப்டம்பர் 21, ஞாயிறு

சில்க்சாங் பத்தி விவரமா எழுதறேன், நேத்து தூக்க கலக்கத்துல விட்டுட்டேன்.

2019 பிப்ரவரில அறிவிச்சாங்க, இந்த செப்டம்பர் 4தான் கைக்கு வந்துச்சு. அஞ்சு மாஸ்க்கோட (அதுதான் உயிர் அளவு) ஆரம்பிக்கறோம், ஆனா நிறைய எதிரிங்க ஒரு அடிக்கு ரெண்டு மாஸ்க் எடுக்கறாங்க, அப்ப கணக்கு பாத்தா மூணு அடி வாங்கினா காலி, முதல் கேம் ஆடின பழக்கத்துல "இன்னொரு அடி தாங்கும்"னு உள்ள போனா தாங்காது. பதிலுக்கு நாம ஆடற ஹார்னெட் ஒரு தடவை கட்டு போட்டா மூணு மாஸ்க் மொத்தமா திரும்பி வருது, முதல் கேம் மாதிரி ஒண்ணு ஒண்ணா இல்ல, அதுவும் காத்துல இருக்கும்போதே போட்டுக்கலாம். ஆனா அதுக்கு ஒம்போது சில்க் வேணும், ஆரம்பத்துல சில்க் சேர்ற ஸ்பூலோட மொத்த கொள்ளளவே அவ்வளவுதான். ஆக தைரியமா அடிச்சாத்தான் சில்க் சேரும், சேர்ந்தாத்தான் உயிர். பயந்து ஒதுங்கினா சாவு நிச்சயம். இந்த ஒரு விஷயம் எனக்கு பயங்கரமா பிடிச்சிருக்கு.

பிடிக்காதது அந்த சாய்வு அடி. கீழ அடிச்சா நேரா இறங்காம குறுக்கால பாயறா, முள்ளு மேல துள்ளி துள்ளி போற இடத்துல எல்லாம் விரல் பழைய கேமை நினைச்சுட்டு அமுக்குது. ஹன்டர்ஸ் மார்ச்ங்கற இடத்துல ரெண்டு மணி நேரம் இதுக்கே போச்சு.

2025 செப்டம்பர் 24, புதன்

மேல சொன்னதுல ஒரு திருத்தம். சாய்வு அடி கட்டாயம் இல்ல. க்ரெஸ்ட்ங்கற சின்னத்தை மாத்தினா அடி மாறும். வாண்டரர் க்ரெஸ்ட் போட்டா பழைய கேம் மாதிரி நேரா கீழ அடிக்கலாம், ரீப்பர் க்ரெஸ்ட்ல அரிவாள் மாதிரி அகலமா வீசலாம். இது தெரியாம இருபது மணி நேரம் ஆடிட்டேன், தெரிஞ்ச அன்னைக்கு வேற கேம் மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. செத்த இடத்துல ஒரு கூடு தொங்குமே, அதை உடைச்சா போன ஜெபமாலை மணிங்க (அதுதான் இங்க காசு) மட்டும் இல்ல, சில்க்கும் முழுசா நிறையும். பாஸ் ரூமுக்குள்ள செத்திருந்தா ஓடிப்போய் உடனே உடைக்காதீங்க, ரெண்டு அடி வாங்கின பிறகு உடைங்க, ஒரு கட்டு இனாமா கிடைச்ச மாதிரி.

2025 செப்டம்பர் 28, ஞாயிறு, விடியற்காலை 1.15

லாஸ்ட் ஜட்ஜ். செத்தா முழிக்கற பெஞ்ச்ல இருந்து அவன்கிட்ட போற வழியே ஒரு தனி கேம், பறக்கறதை அடிச்சு, மணல் காத்துல தாவி, ஒரு தாவல் தப்பினா மறுபடி முதல்ல இருந்து. பாஸ்கிட்ட சாகறதை விட பாஸ்கிட்ட போய் சேர்றதுதான் எரிச்சல். முப்பது தடவைக்கு மேல ஆச்சு. கடைசி தடவை ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு கன்ட்ரோலரை மடில வச்சேன், விழுந்தவன் வெடிச்சான், நானும் செத்தேன்.

ஆனாலும் ஈஸி மோட் வேண்டாம். இதே கருத்துதான்.

2025 அக்டோபர் 2, வியாழன்

வலது கை கட்டைவிரல் அடில வலி. காலைல எழுந்தா மடக்க முடியல. டாக்டர் பாத்துட்டு தசைநார் வீக்கம்னாரு, மூணு வாரம் கன்ட்ரோலரை தொடாதீங்க, அதுக்கப்புறமும் ஒரே பட்டனை வேக வேகமா தட்டற வேலை குறைச்சலா இருக்கட்டும்னாரு. அதனால சில்க்சாங் நிக்குது. லாஸ்ட் ஜட்ஜ் அங்கயே நிக்கட்டும்.

இந்த மூணு வாரம் பாக்கறது மட்டும்தான். தங்கச்சியை அவுட்டர் வைல்ட்ஸ் ஆட வச்சிருக்கேன், பக்கத்துல உக்காந்து வாயை மூடிட்டு இருக்கறதுதான் என் வேலை. 2019ல வந்த விண்வெளி கேம், ஒரு தடவைதான் ஆட முடியும், ஏன்னா அதுல ஆயுதம் ஏறாது, சக்தி ஏறாது, நமக்கு தெரிஞ்ச விஷயம் மட்டும்தான் ஏறும். 22 நிமிஷத்துக்கு ஒரு தடவை சூரியன் வெடிக்குது, முழிச்சா மறுபடி அதே தீ பக்கத்துல, கையில எதுவும் மிச்சம் இல்ல, கப்பல்ல இருக்கற குறிப்பும் மண்டைல இருக்கறதும் தவிர. கடைசில என்ன பண்ணணும்னு தெரிஞ்சவன் ஒரே 22 நிமிஷத்துல கேமை முடிச்சுடலாம். பூட்டு எல்லாமே நம்ம அறியாமைதான். இந்த மாதிரி கேமுக்கு ஈஸி மோட்ங்கற கேள்வியே வராது, விரலுக்கு இங்க வேலையே இல்ல.

2025 அக்டோபர் 5, ஞாயிறு

"விரலுக்கு வேலையே இல்ல"ன்னு எழுதினது தப்பு. முழு தப்பு.

தங்கச்சி இதுவரைக்கும் போன்ல புதிர் கேம் மட்டும் ஆடினவ. இடது குச்சில நடக்கணும், வலது குச்சில பாக்கணும்ங்கறது அவளுக்கு ஒரு புது மொழி. கிராமத்துல இருந்து ராக்கெட் இருக்கற இடத்துக்கு போகவே அரை மணி நேரம், சுவத்தையும் வானத்தையும் பாத்துட்டே நடந்தா. நான் இருபது வருஷமா அந்த ரெண்டு குச்சியையும் பிடிச்சிருக்கேன், அது ஒரு திறமைங்கற ஞாபகமே எனக்கு இல்ல.

கப்பல்ல ஏறினதும் இன்னும் மோசம். ஆறு திசைலயும் உந்தலாம், உந்தினது தானா நிக்காது, எதிர்பக்கம் உந்தினாத்தான் நிக்கும். ஆட்டோபைலட் போட்டுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னேன் (சத்தியத்தை மீறி). போட்டா. ஆட்டோபைலட் நேர்கோட்டுலதான் போகும், நடுவுல சூரியன் இருந்தாலும் அதுக்கு கவலை இல்ல. "அண்ணா, வெளிச்சமா ஆகுதே"ன்னா. அவ்வளவுதான்.

விழுந்து விழுந்து சிரிச்சா, அடுத்த லூப்ல (அதாவது அடுத்த 22 நிமிஷத்துல) தானே ஓட்டினா.

2025 அக்டோபர் 5, கொஞ்ச நேரம் கழிச்சு

யோசிச்சு பாத்தா எனக்கு சில்க்சாங் எப்படியோ அவளுக்கு அவுட்டர் வைல்ட்ஸ் அப்படி. ஒரே டிவி, ஒரே கன்ட்ரோலர், ஆனா நான் அன்னைக்கு ஆடினதும் அவ இன்னைக்கு ஆடறதும் ஒரே கஷ்டத்துல இல்ல. செப்டம்பர் 20 அன்னைக்கு "செஞ்சவங்க வச்ச கஷ்டம்"னு எழுதினேன், அது யாருக்கு வச்ச கஷ்டம்?

பதில் இன்னும் இல்ல. அப்புறம் வரேன்.

2025 அக்டோபர் 11, சனி

சின்ன குறிப்பு. அவுட்டர் வைல்ட்ஸ்ல ப்ரிட்டில் ஹாலோனு ஒரு கிரகம், அதோட நிலா எரிமலை கக்குது, கக்கற கல்லு விழுந்து விழுந்து தரை உடையுது, நடுவுல கருந்துளை. தங்கச்சி ஓட்டைல விழுந்து கருந்துளைக்குள்ள போனா, செத்தோம்னு கண்ணை மூடிட்டா, திறந்தா வேற எங்கயோ மிதந்துட்டு இருக்கா. முகத்தை பாத்தேன். நான் 2019ல அதே இடத்துல தனியா உக்காந்து பாத்தது, என் முகம் அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் தெரிஞ்சுது.

இசையும் சொல்லணும். விண்வெளில சிக்னல்ஸ்கோப்ங்கற ஒலி கேக்கற கருவியை திருப்பினா ஒரு கிரகத்துல பாஞ்சோ, இன்னொண்ணுல ஹார்மோனிகா, வேற ஒண்ணுல புல்லாங்குழல், எல்லாரும் தனித்தனியா வேற வேற மூலைல உக்காந்து ஒரே பாட்டை வாசிக்கறாங்க. தூரமா போய் திரும்பி நின்னு கேட்டா எல்லாம் ஒண்ணா சேரும். ஆண்ட்ரூ ப்ரால்லோ இசை. தங்கச்சி ஒரு முழு லூப்பை இதை கேட்டுட்டே விட்டா, சூரியன் வெடிக்கற வரைக்கும்.

2025 அக்டோபர் 18, சனி

இன்னும் நாள் இருக்கு, ஆனா வலி நல்லா குறைஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட கேட்டேன், மெதுவா ஆடற எதாவது அரை மணி நேரம் பரவால்லன்னாரு. அதனால க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. இந்த வருஷம் ஏப்ரல் 24 வந்தது, ஃபிரான்ஸ்ல மான்பெல்லியேல இருக்கற சேண்ட்ஃபால்ங்கற ஸ்டுடியோ. முறை வச்சு அடிக்கற சண்டைதானே, விரலுக்கு சேதம் இருக்காதுன்னு எடுத்தேன்.

முதல் ஒரு மணி நேரத்துலயே நெஞ்சை பிடிச்சுடுது. பெயிண்ட்ரஸ்ங்கறவ வருஷத்துக்கு ஒரு எண் எழுதறா, எண் குறைஞ்சுட்டே வருது, அந்த வயசுக்காரங்க பூவிதழா கரைஞ்சு போயிடறாங்க. துறைமுகத்துல குஸ்தாவும் சோஃபியும் நிக்கற காட்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல கரைஞ்சு போகப்போறது தெரிஞ்சவங்க மாலை போட்டுட்டு நிதானமா பேசிட்டு நிக்கறாங்க. இதுக்கு மேல கதை சொல்லமாட்டேன்.

சண்டைல ஒரு சிக்கல். முறை வச்சு அடிக்கற கேம்தான், ஆனா எதிரி அடிக்கும்போது நாம சும்மா இல்ல, சரியான நேரத்துல பட்டன் அமுக்கி விலகணும் இல்ல பேரி பண்ணணும் (வர அடியை தட்டி விடறது). விலகறதுக்கு நேரம் கொஞ்சம் தாராளம், பேரிக்கு ரொம்ப கம்மி, ஆனா வரிசையா வர எல்லா அடியையும் பேரி பண்ணிட்டா நம்ம ஆள் திருப்பி ஒரு பெரிய அடி கொடுப்பாரு. எதிரிங்க வேணும்னே கையை ஓங்கி நிறுத்தி நம்மள ஏமாத்தறாங்க. நாலு நாளா ஆடறேன், பத்துல ஒண்ணு கூட பேரி ஆகல. வயசாகி கை மெதுவாயிடுச்சோன்னு உண்மையிலேயே பயம் வந்துச்சு. வலியோட சேர்ந்து அந்த பயம் ரொம்ப கனமா இருந்துச்சு.

ராத்திரி ஸ்டோரி மோடுக்கு (இதுல அதுதான் ஈஸி மோட்) இறக்கினேன். எழுதறேன், மறைக்க விருப்பம் இல்ல.

2025 அக்டோபர் 19, ஞாயிறு, காலை

எல்லாரும் இதை படிங்க.

என் கை மெதுவாகல. ஹெட்ஃபோன்.

இந்த கேம்ல பேரி பண்ண கண்ணை விட காது நல்லா உதவும், அடி விழறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு சத்தம் வரும், அதை வச்சுத்தான் நான் அமுக்கிட்டு இருந்தேன். நான் போடறது ப்ளூடூத் ஹெட்ஃபோன். ப்ளூடூத்ல சத்தம் சுருக்கி அனுப்பி விரிச்சு காதுக்கு வரதுக்குள்ள 100 மில்லிசெகண்டுக்கு மேல சாதாரணமா போயிடும், பல ஹெட்ஃபோன்ல 200 வரைக்கும் போகும். நொடிக்கு 60 ஃபிரேம்ல ஓடற கேம்ல ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். அப்ப நான் கேட்ட சத்தம் ஆறு ஃபிரேம்ல இருந்து பன்னெண்டு ஃபிரேம் பழசு. பேரிக்கு இருக்கற நேரமே அவ்வளவுகிட்டதான் இருக்கும். நான் சரியான நேரத்துலதான் அமுக்கியிருக்கேன், எனக்கு சத்தம்தான் லேட்டா வந்திருக்கு.

ஒயர் ஹெட்ஃபோன் மாட்டினேன். அதோட டிவி செட்டிங்ல கேம் மோட் ஆஃப்ல இருந்துச்சு, அதையும் போட்டேன் (படத்தை அழகாக்கறேன்னு டிவி பண்ற வேலை எல்லாம் நேரம் எடுக்கும், கேம் மோட் போட்டா அந்த வேலையை விட்டுட்டு படத்தை உடனே காட்டும்). நார்மல் டிஃபிகல்டிக்கு திரும்பினேன். பத்துக்கு ஆறு ஏழு பேரி.

நாலு நாளா நான் ஆடினது நார்மல் இல்ல. செஞ்சவங்க யாருமே வைக்காத ஒரு மோட் அது, என் வீட்டு ஒயர்லெஸ்ஸும் டிவியும் சேர்ந்து செஞ்ச மோட்.

2025 அக்டோபர் 19, ராத்திரி

காலைல இருந்து இதையே நினைச்சுட்டு இருக்கேன். சில்க்சாங்கும் இதே டிவிலதான். லாஸ்ட் ஜட்ஜ்கிட்ட அந்த முப்பது சாவும் கேம் மோட் ஆஃப்ல இருந்தப்ப. எத்தனை சாவு என்னோடது, எத்தனை டிவியோடது?

எல்லாரும் ஒரே கேமை ஒரே கஷ்டத்துல ஆடறாங்கங்கற நம்பிக்கைலதான் "கணக்குல வராது"ன்னு முதல் நாள் எழுதினேன். அந்த நம்பிக்கை போச்சு. டிவி வேற, ஹெட்ஃபோன் வேற, கட்டைவிரல் வேற, இருபது வருஷ பழக்கம் வேற. மெனுல எல்லாருக்கும் ஒரே வார்த்தை இருக்கறதால ஒரே கேம்னு நினைச்சுக்கறோம்.

2025 அக்டோபர் 26, ஞாயிறு

செலஸ்ட் பத்தி கேட்டிருந்தீங்க. 2018 கேம், மலை ஏறற மேட்லின். நான் ஆடி முடிச்சு வருஷமாச்சு, இருந்தாலும் இந்த பேச்சுல அது வராம இருக்கக்கூடாது.

அதுல அசிஸ்ட் மோட்னு ஒண்ணு இருக்கு. கேம் வேகத்தை பாதி வரைக்கும் குறைக்கலாம், பிடிச்சு தொங்கற சக்தி தீராம வச்சுக்கலாம், அடியே படாம கூட ஆக்கிக்கலாம். ஆனா எனக்கு சொல்லணும்னு இருக்கறது அது இல்ல. அசிஸ்ட் மோட் ஆஃப்ல இருக்கும்போதே அந்த கேம் நமக்கு எவ்வளவு விட்டு கொடுக்குதுங்கறது. விளிம்பை விட்டு கால் வெளில போன பிறகும் கண் இமைக்கற நேரத்துக்கு குதிக்க விடும். தரைல கால் படறதுக்கு கொஞ்சம் முன்னாடியே பட்டன் அமுக்கிட்டா ஞாபகம் வச்சிருந்து பட்டதும் குதிக்க வைக்கும். தலை ஒரு மூலைல இடிச்சா ஓரமா நகத்தி மேல விடும். இதெல்லாம் எல்லாருக்கும் எப்பவும் நடக்குது, திரைல ஒரு வரி கூட சொல்லாது. "நான் செலஸ்ட்டை எந்த உதவியும் இல்லாம முடிச்சேன்"னு நான் பெருமையா சொல்லிட்டு இருந்தேன். உதவி இல்லாம யாரும் அதை முடிக்கல.

2025 அக்டோபர் 30, வியாழன்

நண்பன் ஒருத்தன் என் பேச்சை கேட்டு "வாங்கிட்டேன், துப்பாக்கி சண்டை சூப்பரா இருக்கு"ன்னு மெசேஜ் போட்டான். அவுட்டர் வைல்ட்ஸ்ல துப்பாக்கியே கிடையாதே. அவன் வாங்கினது நேத்து வந்த தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2. முதல் அவுட்டர் வேர்ல்ட்ஸும் 2019லதான் வந்துச்சு, பேரும் பக்கத்து பக்கத்துல, ரெண்டும் விண்வெளி. அப்சிடியன் செஞ்ச ரோல்பிளேயிங் கேம் அது, அதுவும் நல்ல கேம்தான், ரசிச்சு ஆடிட்டு இருக்கான், நான் தடுக்கல. வாங்கறவங்க பேரை எழுத்து கூட்டி படிங்க: வைல்ட்ஸ்.

2025 நவம்பர் 2, ஞாயிறு

மழை நாள், அப்பாவும் நானும் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகஸ் போப் செஞ்சது, 2018. காணாம போன ஒரு கப்பல் 1807ல ஆளில்லாம திரும்பி வருது, 60 பேருக்கும் என்ன ஆச்சுன்னு நாம கண்டுபிடிக்கணும். பிணத்துக்கிட்ட கடிகாரத்தை திறந்தா கடைசி சில நொடி பேச்சு இருட்டுல கேக்கும், அப்புறம் அந்த சாவு நடந்த கணம் அப்படியே உறைஞ்சு நிக்கும், உள்ள நடந்து சுத்தி பாக்கலாம். படம் முழுக்க கருப்பு வெள்ளை புள்ளி, ரெண்டே நிறம்.

அப்பா கன்ட்ரோலரை தொடமாட்டாரு. "நீ நட, நான் பாக்கறேன்"ன்னுட்டு மடில நோட்டை வச்சு உக்காந்துட்டாரு. பேச்சு வழக்கை வச்சு எந்த நாட்டுக்காரன், உடுப்பை வச்சு என்ன வேலைன்னு பட்டியல் போட்டாரு. நான் முகத்தை பாத்துட்டு இருந்த ஒரு காட்சில "டேய், அந்த காலை பாரு"ன்னாரு. தொங்கு படுக்கைல இருந்து நீட்டிட்டு இருந்த கால். அதுக்கு மேல சொன்னா ஆடாதவங்களுக்கு கெடுதல், ஆனா அந்த ஒரு காலால நாலு பேர் தெரிஞ்சாங்க.

இதுலயும் ஒரு ஈஸி மோட் இருக்கு, மெனுல இல்ல. மூணு பேரை சரியா எழுதினாத்தான் கேம் உறுதி பண்ணும். ரெண்டு பேர் நிச்சயமா தெரிஞ்சா மூணாவதை மாத்தி மாத்தி போட்டு பிடிச்சுடலாம். நான் முன்னாடி தனியா ஆடினப்ப கடைசி பத்து பேரை இப்படித்தான் போட்டேன். இப்ப அப்பாவோட மறுபடி பாக்கும்போது அந்த பத்து பேர் முகமும் எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல. யோசிச்சு கண்டுபிடிச்ச அம்பது பேரும் சொந்தக்காரங்க மாதிரி ஞாபகம் இருக்காங்க. முதல் நாள் நான் சொல்ல வந்ததுல உண்மை இருந்தா இந்த இடத்துலதான் இருக்குன்னு நினைக்கறேன். குறுக்கு வழில போனது தப்பில்ல, போன வழில ஒண்ணும் கையில ஒட்டல, அதுதான் நஷ்டம். எக்ஸ்பெடிஷன் 33ஐ ஸ்டோரி மோட்ல ஆடின அந்த ராத்திரி எனக்கு கதை முழுசா ஒட்டிச்சு. ரெண்டும் ஒண்ணு இல்ல.

2025 நவம்பர் 9, ஞாயிறு

ப்ளூ பிரின்ஸ், சுருக்கமா. 45 அறை இருக்கற வீட்டுல 46வது அறையை தேடணும், கதவை திறக்கும்போது மூணு அறைல ஒண்ணை நாம தேர்ந்தெடுக்கறோம், நாளைக்கு முழிச்சா வீடு மறுபடி காலி. ஆரம்பத்துல ஒரு நாளைக்கு 50 ஸ்டெப்தான், ஒரு அறைக்குள்ள நுழைஞ்சா ஒண்ணு போகும். பக்கத்துல நோட்டு இல்லாம ஆரம்பிக்காதீங்க, கண்ணுல படற படம், எழுத்து, எல்லாம் எழுதி வைங்க. பார்லர்ல வர மூணு பெட்டி புதிர் தினமும் ஆடினாலும் சலிக்கல. ஆனா விடை தெரிஞ்ச பிறகும் தேவையான அறை சீட்டுல வராம நாலு நாள் ஓடிச்சு, அது எனக்கு பிடிக்கல. தெரிஞ்சவனை காக்க வைக்கறது கஷ்டம் இல்ல, தாமதம். கட்டைவிரலுக்கு மட்டும் இதை விட நல்ல கேம் கிடையாது.

2025 நவம்பர் 16, ஞாயிறு

தங்கச்சி நடுவுல ஸ்டார்டியூ வேலிக்கு தாவிட்டா. எரிக் பரோன்ங்கற ஒரே ஆள் வருஷக்கணக்கா உக்காந்து செஞ்சு 2016ல விட்டது, இன்னும் அப்டேட் கொடுத்துட்டு இருக்காரு. கேம்ல ஒரு முழு நாள் நம்ம நேரத்துல 14 நிமிஷம், 28 நாள் ஒரு பருவம். தூங்கினாத்தான் சேவ் ஆகும், அதனால "இன்னும் ஒரு நாள்"னு சொல்லியே மணி ரெண்டு ஆயிடுது.

"இதுல எப்ப ஜெயிப்ப?"ன்னு கேட்டேன். "எதுக்கு?"ன்னா. தோட்டத்தை நேர் வரிசைல மாத்தி நட்டுட்டு இருந்தா, லாபம் ஒண்ணும் இல்ல, பாக்க நல்லா இருக்குன்னு. ரெண்டு மாசமா நான் முடிக்கறது முடிக்கறதுன்னு எழுதிட்டு இருக்கேன், முடிக்கற எண்ணமே இல்லாம ஒருத்தி நூறு மணி நேரம் சந்தோஷமா இருக்கா.

2025 நவம்பர் 23, ஞாயிறு

சில்க்சாங் திரும்ப எடுத்தேன். ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம், அலாரம் வச்சு.

ரீப்பர் க்ரெஸ்ட், ஒயர் ஹெட்ஃபோன், கேம் மோட். அடிக்கற பட்டனை கட்டைவிரல்ல இருந்து ஆள்காட்டி விரலுக்கு, தோள் பட்டனுக்கு மாத்தினேன். முதல் ரெண்டு நாள் கை தடுமாறிச்சு, மூணாவது நாள் பழகிடுச்சு. வலி இல்ல. லாஸ்ட் ஜட்ஜ் ஏழாவது தடவைல விழுந்தான், வெடிக்கும்போது நான் தூரமா நின்னுட்டு இருந்தேன். கேட் திறந்து அவன் காத்துட்டு இருந்த சிட்டாடல் கோட்டை உள்ள காலடி வச்சப்ப எழுந்து நின்னுட்டேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, லாஸ்ட் ஜட்ஜ் பக்கமே போகாம மூடுபனி வழியா சிட்டாடலுக்குள்ள போக இன்னொரு பாதை இருக்கு. அதுவும் சுலபம் இல்ல, அங்க வேற பாஸ், ஆனா இருக்கு. எல்டன் ரிங் கேம்ல மார்கிட்ங்கற பாஸ்கிட்ட அடி வாங்கினவங்க தெற்கால போய் சுத்திட்டு பலமா திரும்பி வருவோமே, அதே மாதிரி. ஈஸி மோட் இல்லாத கேம்னு சொல்றோம், அது மெனுல இல்ல, மேப்ல ஒளிச்சு வச்சிருக்காங்க, தேடறவங்களுக்கு கிடைக்குது. சில்க்சாங் செஞ்ச டீம் செர்ரியே வெளியிட்ட கொஞ்ச நாள்லயே ஒரு பேட்ச் (திருத்தம்) விட்டு மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர்ங்கற ரெண்டு பாஸையும் கொஞ்சம் இளக்கினாங்க. அப்ப நான் பேட்சுக்கு முன்னாடி முடிச்ச மூர்விங்கும் நீங்க பேட்சுக்கு அப்புறம் முடிச்ச மூர்விங்கும் வேற. யார் முடிச்சது கணக்கு? ரெண்டு பேரும்தான். செப்டம்பர் 20 பதிலை வாபஸ் வாங்கறேன்.

2025 நவம்பர் 30, ஞாயிறு

தங்கச்சி நேத்து ராத்திரி அவுட்டர் வைல்ட்ஸை முடிச்சா. கடைசி பயணத்துல டார்க் ப்ராம்பிள் மூடுபனிக்குள்ள, சத்தம் கேட்டா பாயற பெரிய மீனுங்க நடுவுல, கப்பலை உந்தற த்ரஸ்டரை தொடாம மூச்சை பிடிச்சுட்டு மிதந்து போனா, நானும் பக்கத்துல மூச்சை பிடிச்சுட்டுதான் இருந்தேன். ஆட்டோபைலட்டை அன்னைக்கு சூரியனுக்குள்ள விட்டவ. பேரு ஓடி முடிஞ்ச பிறகும் டிவியை அணைக்க விடல. இன்னைக்கு காலைல எழுந்து பாஞ்சோ பாட்டை முணுமுணுத்துட்டே சுத்தறா.

முதல் கேள்வி கேட்டவருக்கு: எந்த பாஸ்கிட்ட நிக்கறீங்கன்னு சொல்லவே இல்ல. ப்ளூடூத் ஹெட்ஃபோனா? டிவின்னா கேம் மோட் ஆன்ல இருக்கா? எந்த க்ரெஸ்ட்? சாவேஜ் பீஸ்ட்ஃப்ளைன்னா விட்டுட்டு வேற பக்கம் போயிட்டு அப்புறம் வாங்க, அவன் எங்கயும் போகமாட்டான். பட்டனை மாத்தி வச்சு பாத்தீங்களா? பாத்துட்டு எழுதுங்க, நான் இன்னும் சிட்டாடல்லதான் இருக்கேன்.